மல்லாட்டை சிபாரிசு

லஞ்சம் ஒரு மஞ்சள் பையில் வந்திருந்தது. ஐந்து கிலோ மல்லாட்டை, மண் உதறிக் காயவைத்த வேர்க்கடலை. அதைத் தூக்கிக்கொண்டு மே மாத வெயிலில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வந்து இறங்கிய சக்கரபாணி, ஆரோக்கியசெல்வியின் வீட்டில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என் பையன் கோகுலகிருஷ்ணன் உங்களுக்கு ஏதோ புரோகிராம் எழுதி அனுப்பிச்சிருக்கானாம் மேடம். அது விஷயமா ஒரு வார்த்தை..."

"சிபாரிசா?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவள். எதிராளி பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது அவள் சுபாவத்திலேயே கிடையாது. விவசாயிகளுக்காக 'வரப்பு' என்றொரு இலவச ஆப்பை ஏழெட்டுப் பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் அதற்குப் புதிதாக ஒரு வசதியை எழுதி அனுப்பலாம். வந்ததை வரிவரியாகப் படித்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்பவள் இவள்தான். கோகுலகிருஷ்ணன் எழுதியதை இதுவரை பதினான்கு முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"சிபாரிசுன்னே வச்சுக்கங்களேன்," என்று சக்கரபாணி நெளிந்தார். "ஆறு மாசமா வூட்ல நிம்மதி இல்ல மேடம். சோறு தண்ணி இல்லாம அவன் இதையே நோண்டிக்கினு கெடக்கறான். எங்க குடும்பத்துப் பொழைப்பே இப்ப உங்க கையிலதான் இருக்குது."

"இது சேர்ந்துட்டா பெங்களூர்ல வேலை கிடைக்கும்னு அவனே எனக்கு எழுதியிருந்தான். எல்லாப் பசங்களும் அதையேதான் எழுதறாங்க."

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மொதல்ல அந்தப் பையை வெளியே வைங்க."

பை ஏற்கெனவே திறந்திருந்தது. அவளுடைய அப்பா பிரான்சிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, விருந்தாளிக்கு மரியாதை செய்கிற மாதிரி உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது லஞ்சம்."

"மல்லாட்டைதாம்மா," என்றார் பிரான்சிஸ். "பருப்பு சூப்பரா இருக்குது. எந்த ஊரு சரக்குங்க?"

"கெடாருங்க. விழுப்புரத்துல நாம நடத்தற மண்டிக்கு விவசாயிங்க கொண்டாந்ததுல பொறுக்கி எடுத்தாந்தேன்."

ஆரோக்கியசெல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டா மாற்ற சிபாரிசு, காலேஜ் சீட்டுக்கு சிபாரிசு, இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் மஞ்சள் பையோடு நுழைந்துவிட்டார்களா? தான் காரணமில்லாமல் யாரையும் தள்ளுகிறவள் இல்லை என்று காட்டுவதற்காகவே லேப்டாப்பைத் திறந்தாள்.

"இங்க பாருங்க ஐயா. அவன் எழுதின புரோகிராம் எண்பது கிலோ மூட்டை விலையை, நூறு கிலோ விலைன்னு காட்டிச்சு. திருப்பினேன். டவர் கிடைக்காத இடத்துல விலை பூஜ்யம்னு காட்டிச்சு. திருப்பினேன். நேத்து விலையை இன்னிக்கு விலைன்னு காட்டிச்சு. அதையும் திருப்பினேன்."

"பாத்தீங்களா, எவ்ளோ தப்பு," என்றார் சக்கரபாணி, முகமெல்லாம் மலர்ந்து. "சின்னப் பையன் மேடம். அவனுக்கு மார்க்கெட்டப் பத்தி என்ன தெரியும்?"

பெற்ற பிள்ளையைத் தூக்கி வைத்துப் பேசாத தகப்பனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். மனசு கொஞ்சம் இளகியது. அன்று காலை அவன் பதினைந்தாம் முறையாக அனுப்பியிருந்ததைத் திறந்து, மேலிருந்து கீழே படித்தாள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் படித்தாள்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டான்."

"ஒரு தப்புகூடவா இல்ல?" சக்கரபாணி லேப்டாப் பக்கம் எக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்ல."

"இன்னொரு வாட்டி நல்லா பாருங்க மேடம்."

"பாத்தாச்சு ஐயா. அருமையா எழுதியிருக்கான். எந்த ஊர் மார்க்கெட்டுல மல்லாட்டை என்ன விலை போவுதுன்னு விவசாயி களத்துல நின்னுக்கினே தெரிஞ்சுக்கலாம்."

பிரான்சிஸ் உடைப்பதை நிறுத்தினார். "நான் இங்க பிரம்மதேசம் கிராமத்துல குத்தகைக்கு நெலம் ஓட்டினப்ப இது இல்லாமப் போச்சே. அப்ப மண்டியில சொன்னதுதான் வெல. ஜல்தியா சேத்து வுடும்மா. பாவம், வெயில்ல வந்திருக்காரு."

"அவர் வந்ததுக்காக இல்லப்பா. சரியா இருக்கு, அதனால சேர்க்கறேன்." அவள் சக்கரபாணி பக்கம் திரும்பினாள். "நீங்க இவ்வளவு தூரம் அலைஞ்சதே வீண் ஐயா. இந்தப் பை இல்லன்னாலும் இன்னிக்கு இது சேர்ந்திருக்கும். போறப்ப மறக்காம எடுத்துக்கினு போங்க."

"மேடம், ஒரு நிமிஷம், நான் எதுக்கு வந்தேன்னா..." சக்கரபாணி எழுந்தேவிட்டார்.

அதற்குள் அவள் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

"சேர்த்தாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல பதினோராயிரம் விவசாயிங்க போனுக்குப் போயிடும்."

சக்கரபாணி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண்கள் கலங்கிவிட்டன. பிரான்சிஸ் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

ஆரோக்கியசெல்வி லேப்டாப்பை மூடினாள். பதினான்கு முறை திருப்பி அனுப்பி ஒரு தகப்பனை இந்தப் பாடு படுத்திவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினாள்.

"அழாதீங்க ஐயா. ஏதோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க."

சக்கரபாணி சொம்பைக் கீழே வைத்தார்.

"அதத் தள்ளிவுடுங்கன்னு கேக்கத்தான் மேடம், மண்டியப் பூட்டிட்டு வந்தேன்."