ஆளுக்கு ஒரு பாடம்

"இனிமே அஞ்சாம் வகுப்புல ஒருத்தரே எல்லாப் பாடமும் எடுக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு பாடம். மணி அடிச்சா பிள்ளைங்க அறை மாறுவாங்க."

தலைமையாசிரியை மவுரீன் சொல்லி முடிப்பதற்குள் மூன்று ஆசிரியர்களும் கைதட்டினார்கள். காப்பிப்பொடி வாங்குவதில்கூட ஒத்துப்போகாத கூட்டம் அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது மவுரீன்," என்றார் கேரி.

"சரி, அட்டவணை போட்டுடலாம். உங்களுக்கு எது, கேரி?"

"வாசிப்பு."

"அறிவியல் எனக்கு!" ட்ரூடி முந்திக்கொண்டார்.

"சமூகப் பாடம் என்னோடது!" என்றார் கைல்.

"அப்ப கணக்கு? அதையும் யாராவது சேர்த்து எடுக்கணுமே."

கேரி ஜன்னல் வழியே மினசோட்டாப் பனியை ரசித்தார். ட்ரூடி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

"அடப்பாவிகளா! கணக்கைத் தள்ளிவிடத்தான் இத்தனை கைதட்டலா?"

"நீங்களே எடுங்களேன் மவுரீன்," என்றார் கைல்.

மவுரீன் அவசரமாக அட்டவணைத் தாளை மடித்து வைத்தார். பின்னக் கணக்குக்குப் பயந்து வகுப்பிலிருந்து தப்பி வந்துதான் அவர் தலைமையாசிரியையே ஆனார்.