பத்ருன்னிசாவுக்கு ஓர் ஆபீஸ் லைன்

"ஷாஹுல், பத்ருன்னிசா வீட்டிலிருந்தே நம்ம ஆபீஸ் லைன்ல பேசற மாதிரி செட் பண்ணிடு. இந்த வாரமே முடிக்கணும்."

சொல்லிவிட்டு கஸ்தூரிரங்கன் காபி எடுக்கப் போய்விட்டார். ஷாஹுலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பத்ருன்னிசாவுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அமெரிக்காவின் பார்சிப்பனியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு கஸ்தூரிரங்கன்தான் முதலாளி. கம்ப்யூட்டர், ஃபோன் எல்லாம் ஷாஹுல் பொறுப்பு. பத்ருன்னிசா கஸ்டமர் சப்போர்ட். லண்டன் கஸ்டமர்களுக்கு அவளிடம் பேசினால்தான் திருப்தி.

ஷாஹுல் காபி மெஷின் வரை பின்னாலேயே போனான்.

"சார், அவங்க லீவ்ல இருக்காங்க."

"தெரியும்யா. ஆபீஸ்ல இருந்தா இங்கேயே பேசிக்க மாட்டாளா?"

"இந்த டயல்-இன் ரிஸ்க் சார். வெளியிலிருந்து நம்ம நம்பருக்கு அடிச்சு, ஒரு ரகசிய நம்பரைப் போட்டா ஆபீஸ் டயல் டோன் வந்துடும். அப்புறம் சீட்ல உக்காந்து பேசற மாதிரி எங்க வேணா பேசலாம். பில் நம்ம தலையில. அந்த நம்பர் வெளியில போச்சுன்னா..."

"பெரிய நம்பரா வை. இன்டர்நேஷனலையும் திறந்து விட்டுடு. எந்நேரமும் வேலை செய்யணும்."

"எந்நேரமுமா?"

"குழந்தை தூங்கற நேரம் பாத்துத்தானே அவ பேச முடியும்?"

ஷாஹுல் தன் சீட்டுக்கு வந்து, பக்கத்து சீட் ஸ்ரீநிவாஸிடம் கொட்டித் தீர்த்தான்.

"மனுஷனா இவர்? பச்ச உடம்புக்காரி. இங்க ஒத்தாசைக்கு ஒரு பொம்பளை கிடையாது. உம்மாவுக்கு விசா கிடைக்கலன்னு அந்தப் பொண்ணு பேன்ட்ரில நின்னு அழுததை நீயும்தானே பாத்த?"

"உன் கிரீன் கார்டு ஃபைல் அவர்கிட்ட இருக்கு. வாயை மூடிட்டு செட் பண்ணு" என்றான் ஸ்ரீநிவாஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஷாஹுல் பல்லைக் கடித்துக்கொண்டு செட் பண்ணினான்.

சனிக்கிழமை காலையில் கஸ்தூரிரங்கனே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வா, அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடலாம்."

பின்சீட்டில் ஒரு டிஃபன் கேரியர். கார் முழுக்கப் பூண்டு வாசனை.

"காமாக்ஷி பூண்டுக் குழம்பு வெச்சிருக்கா. எங்க வீட்டுக்குள்ள பூண்டு நுழைஞ்சது இதான் முதல் தடவை" என்று தன் மனைவியின் சமையலைச் சொல்லிச் சிரித்தார்.

வேலை வாங்குவதற்கு லஞ்சம் என்று நினைத்துக்கொண்டான் ஷாஹுல்.

அபார்ட்மென்ட் கதவைத் திறந்தது பத்ருன்னிசாவின் கணவன் குத்புதீன். குழந்தையைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பயந்து பயந்து பிடித்திருந்தான். பத்ருன்னிசாவின் முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

"வாங்க சார். வாங்க ஷாஹுல் காக்கா." அவள் ஊரில் அண்ணனுக்குக் காக்கா என்றுதான் பெயர்.

"ஃபோன் எங்கம்மா? இனிமே நீ ஆபீஸ் லைன்லயே பேசலாம். ஷாஹுல் காட்டுவான்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "சார்... ஒரு ரெண்டு வாரம் போகட்டுமே. பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட இன்னும் எனக்குத் தெரியல."

ஷாஹுல் கஸ்தூரிரங்கனை முறைத்துவிட்டு ஃபோன் ஸ்பீக்கரைப் போட்டான். ஆபீஸ் நம்பரை அடித்து, ரகசிய நம்பரையும் போட்டான். டயல் டோன் வந்தது.

"எந்தக் கஸ்டமருக்கு சார் போடணும்?" என்றான் வெடுக்கென்று.

"கஸ்டமரா?" கஸ்தூரிரங்கன் விழித்தார். "காயல்பட்டினத்துக்குப் போடுய்யா! அவ அம்மாவுக்கு!"

பத்ருன்னிசாவே எழுந்து வந்து நம்பரை அழுத்தினாள்.

"யாரு?" என்றது ஒரு குரல்.

"உம்மா! நான்தான்மா!"

"மவளே! சீக்கிரம் சொல்லு, ஃபோன் கார்டு தீந்துறப் போவுது."

"தீராதும்மா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாமாம்."

அந்தப் பக்கம் குரல் கணீரென்று எழுந்தது. "அப்ப வெந்நீர் போடச் சொல்லு மாப்பிள்ளைய. புள்ளையக் குளிப்பாட்டச் சொல்லித் தாரேன்!"

குத்புதீன் அடுப்படிக்கு ஓடினான். பத்ருன்னிசா அழுதுகொண்டே சிரித்தாள்.

கஸ்தூரிரங்கன் ஷாஹுலைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஆபீஸ்ல மூச்சு விடாதே. அவளுக்குச் சங்கடமா இருக்கும். லண்டன் கஸ்டமர்களை நான் பாத்துக்கறேன்."

ஷாஹுலுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

உள்ளே உம்மாவின் குரல் கேட்டது. "கால்ல போட்டுக்கோ. தலைக்குக் கையை அணை கட்டு. இப்பத் தண்ணிய மெதுவா..."

சட்டென்று லைன் அறுந்தது.

"சார், கட் ஆயிடுச்சு!" பத்ருன்னிசா அலறினாள். குழந்தை அவளுக்கு மேல் அலறியது.

கஸ்தூரிரங்கன் ஷாஹுலைப் பார்த்தார். ஷாஹுல் தலையைச் சொறிந்தான்.

"நான்தான் சார். நீங்க அவங்களை ரொம்ப வேலை வாங்கிடக் கூடாதுன்னு... பத்து நிமிஷத்துல தானா கட் ஆகற மாதிரி வெச்சுட்டேன்."

கஸ்தூரிரங்கன் வாயைப் பிளந்து நின்றார். அப்புறம் பால்கனியே அதிரச் சிரித்தார். கார் சாவியை அவன் கையில் திணித்தார்.

"அட மகாபாவி! பத்து நிமிஷத்துல பாதிக் குழந்தையைத்தான்யா குளிப்பாட்ட முடியும். ஓடு ஆபீஸுக்கு!"