சொல்லிக்கினே ஓட்டு

"கண்ணுக்கு இன்னா தெரியுதோ, அதை வாயால சொல்லிக்கினே ஓட்டு" என்றார், ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் செங்குட்டுவன்.

"ஒரு ஆடு. அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஆடு" என்றேன்.

வண்டி பழக ஆரம்பித்து எட்டு நாள். எட்டு நாளும் இதே தொல்லைதான். கல் கிடந்தால் கல் என்று சொல்ல வேண்டும். நாய் படுத்திருந்தால் எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு யாரும் இப்படி வண்டி பழகியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பதினைந்து வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவரிடம் நான் என்ன வாதாடுவது?

கஞ்சத்தனம் வேறு. வீட்டிலிருந்து இங்கே வரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவார். பெட்ரோல் மிச்சமாம்.

இங்கே என்றால் பழைய ஓடுதளம்.

வெள்ளைக்காரன் தன் சண்டை விமானங்கள் இறங்குவதற்குப் போட்டது. சண்டை முடிந்து அவன் கிளம்பியதும் சுற்று ஊர்க்காரர்கள் முந்திரிக்கொட்டை காயப் போட்டார்கள். எலெக்‌ஷன் வந்தால் ஹெலிகாப்டர் இறங்கும். அன்றைக்கு மட்டும் கொட்டையை வாரச் சொல்லி போலீஸ் விரட்டும். மற்ற நாளெல்லாம் வண்டி பழகுகிறவர்கள் ராஜ்ஜியம். எங்கள் பக்கம் டூவீலர் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் முட்டியைத் தேய்த்துக்கொண்டது இங்கேதான்.

இப்போது பயணிகள் விமானம் வரப்போகிறதாம். ஒரு மாதமாகச் சுற்றிலும் கம்பிவேலி போடுகிறார்கள். "இன்னிக்கோட சரிம்மா. நாளைக்குப் பூட்டு போட்டுடுவாங்க" என்று சொல்லித்தான் வாட்ச்மேன் பரமசிவம் எங்களை உள்ளே விட்டிருந்தார்.

எனக்கும் அவசரம்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் வண்டி பழக நேரம் கிடைக்காது. அவருடைய வேனிலேயே பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்கென்று ஒரு சம்பளம், உட்கார முன்சீட்டு. சந்தோஷத்தில் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தேன்.

"முறுக்கு, முறுக்கு. நேரா போ."

முறுக்கினேன். அவர் சட்டைப் பையில் இருந்த வேன் சாவி என் முதுகில் குத்தியது.

அப்போதுதான் பார்த்தேன். நேற்றுவரை திறந்து கிடந்த கோடியில் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி. நட்டநடுவில் கதவு அளவுக்கு ஒரு சிவப்புப் பலகை. நாலு மணி வெயில் அதன்மேல் முழுசாக விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. இன்றைக்குச் சொல்லாமல் இருந்து பார்ப்போம். பதறிப்போய் அவரே கத்தட்டும்.

பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. எழுத்துகளைப் படிக்கிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது.

"நேரா போ. ஒண்ணும் இல்ல" என்றார்.

பிரேக்கைப் பிடித்த பிடியில் வண்டி வேலிக்கு ஒரு சாண் முன்னால்தான் நின்றது.

"இன்னாத்துக்கு நிறுத்துன?" என்று கேட்டபடி இறங்கி முன்னால் நடந்தார்.

பலகையில் நெற்றி இடித்தது. கையை வைத்துத் தடவினார். கம்பியையும் தடவினார். என் பக்கம் திரும்பவில்லை.

"எத்தினி நாளா?" என்றேன்.

"நடுவுல மட்டுந்தான் தெரியல. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது" என்றார். "ரூட்டு எனக்கு மனப்பாடம் வெண்மதி. நீ முன்சீட்டுல குந்திக்கினு சொல்லிக்கினே வந்தா போதும்."

போன மாதம் தனியாகப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர், அது வெறும் தலைவலி என்று சொல்லியிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னால் அவர் வேலை போகும், என் வேலையும் போகும். வீட்டு வாடகைக்கு வேறு வழி கிடையாது. சொல்லாவிட்டால் அந்த வேனில் இருபத்தாறு பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் என்னைத் தயார் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்மேல் கோபம் பொங்கியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்ற அதே மனுஷனைப் பார்க்கவும் முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலிதான் தெரிந்தது.

தூரத்தில் பரமசிவம் விசில் ஊதினார்.

வண்டியை நானே திருப்பினேன். "ஏறுங்க" என்றேன்.

"இடது பக்கம் ஜல்லி கொட்டியிருக்கு. வாட்ச்மேன் நிக்கிறாரு. வெளிய வந்துட்டோம்."

ரோட்டில் நான் ஓட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஓரமாகவே மெதுவாக உருட்டினேன். வாய் மட்டும் நிற்கவில்லை.

"எதிர்ல மைன்ஸ் கம்பெனி பஸ்சு. ஒதுங்கிக்கிறேன். போயிடுச்சு. டீக்கடை. இது நம்ம வூட்டுக்குத் திரும்புற முக்கு."

கொஞ்சம் நிதானித்தேன்.

"திரும்பல. நேராத்தான் போறேன்."

தோளில் இருந்த அவர் கை இறுகியது. ரூட்டு அவருக்கு மனப்பாடம் ஆயிற்றே.

"ஸ்பீடு பிரேக்கர். புளியமரம். முன்னால ஸ்கூல் கேட்டு. ஆபீஸ் ரூம்ல ஆள் இருக்காங்க. நிறுத்துறேன்."

நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்து, சூடாக, வேன் சாவி என் உள்ளங்கைக்கு வந்தது.