அந்த டாக்டர் நான்தான்

படத்தில் டாக்டர் வரும் இடம் நெருங்க நெருங்க அவன் உள்ளங்கை வேர்த்தது. அதைப் பிடித்திருந்த அவள் கையும் நனைந்துபோனது.

"வந்துட்டியா?"

"இன்னும் இல்ல. ஹீரோ ஆஸ்பத்திரிக்குள்ள ஓடி வர்றான். லிஃப்ட் வேலை செய்யல. படியேறுறான்."

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் படம் பார்ப்பது இப்படித்தான். திரையில் நடப்பதை அவன் காதோடு சொல்வான். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அதற்கெல்லாம் இவர்கள் மசிந்ததே இல்லை.

அவனுக்குப் பகலில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் நடிகன். அதாவது, நடிகனாகப் போகிறவன். பல வருடமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

ஒரு படத்துக்காகக் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நின்றான். இன்னொன்றுக்காக நாள் முழுக்க வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தான். மற்றொன்றில் ஹீரோ விட்ட குத்தில் காய்கறி வண்டிமேல் விழுந்து, வாரக்கணக்கில் முதுகுக்குத் தைலம் தடவிக்கொண்டான். எதிலும் அவனை வாய் திறக்கச் சொல்லவில்லை. "இதோ, ஓரமா நிக்கிறேன்" என்று காதில் சொன்னால் அவள் பூரித்துப்போவாள். அவன் சொல்வதை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

இந்தப் படத்தில்தான் பேசியிருக்கிறான். அவள் தன் காதாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டே வரி. "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சிட்டோம்" என்பது முதல் வரி. இதைச் சொல்ல ஒரு டாக்டர் இல்லாமல் எந்தப் படம் வந்திருக்கிறது? ஆனால் அடுத்த வரியை எழுதியவன் கொஞ்சம் வாழ்ந்தவனாக இருக்க வேண்டும்: "அவங்க செருப்பு வார்டு வாசல்ல கிடக்கு, மறக்காம எடுத்துக்குங்க."

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நாளெல்லாம் டாக்டர்களின் குரலோடு மாரடிக்கிறவள். சமையலறையில் அவனை நிறுத்திவைத்துச் சக்கையாகப் பிழிந்துவிட்டாள். "இழுக்காதே. சாவு சேதி சொல்ற டாக்டர் இழுக்க மாட்டார். அடுத்த பேஷன்டைப் பார்க்கப் போறவர் மாதிரி சொல்லிட்டுப் போயிடுவார்."

அவன் அப்படியே சொன்னான். முதல் டேக்கிலேயே ஓகே ஆனது.

டப்பிங்குக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. படப்பிடிப்பில் பதிவான குரலையே வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, போய்க் கேட்டால் எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து, சும்மா இருந்துவிட்டான்.

திரையில் ஒரு கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுடன் அவன் வந்தான். சுவர் அளவுக்கு அவன் முகம்.

அவள் கையை அழுத்தினான். "இப்போ!"

திரையில் அவன் வாய் திறந்தது. உள்ளேயிருந்து வேறொருவன் பேசினான். கனத்த குரல், ஒவ்வொரு சொல்லையும் ஜவ்வு மாதிரி இழுக்கிற குரல்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது உன் வரியாச்சே. யாரு இவன்? இந்த இழு இழுக்கிறான்?"

"நான்தான்."

"விளையாடாதே."

"முகம் என்னுதுதான். குரலை மாத்திட்டாங்க."

அதற்குள் காட்சி முடிந்துவிட்டது. ஹீரோ செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். தியேட்டர் முழுக்க டாக்டராக அவனைப் பார்த்தாயிற்று. பார்க்க வேண்டியவளுக்கு மட்டும் அவன் வரவே இல்லை.

"சரி" என்றாள். நம்பாதவள் சொல்கிற 'சரி' அது.

இடைவேளை விளக்குகள் எரிந்ததும் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டான். "சார், அந்த டாக்டர் நான்தானே? இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவர் அவனை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, ஆமாம்மா! சாரேதான்! அந்தச் செருப்பு சீன்ல எனக்குத் தொண்டையை அடைச்சிருச்சு."

அவன் வாழ்நாளில் கிடைத்த முதல் பாராட்டு அது.

குரல் வந்த பக்கம் திரும்பி அவள் புன்னகை செய்தாள். அவர் எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, அவனைக் கிட்டே இழுத்தாள். கோபமே இல்லை அவளிடம். அதுதான் தாங்க முடியவில்லை.

"போன தடவையும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னார். நீ ஜாடை காட்டியிருப்பே. தங்கச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு உன் படம் எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். எதுலயும் நீ இல்லப்பா."

உண்மைதான். கல்யாண வீட்டையும் பஸ் ஸ்டாப்பையும் வெட்டிவிட்டார்கள். வண்டிமேல் விழுந்த இடத்தில் காய்கறி மட்டும்தான் தெரிந்தது. ஆசையாகக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"இது நிஜம்" என்றான். போன தடவையும் இதையேதான் சொன்னான்.

"இருக்கட்டும். இந்தப் படத்துக்குத் தங்கச்சியைக் கூப்பிட மாட்டேன். அவ முன்னாடி உன்னை இன்னொரு தடவை பொய்யனாக்க எனக்கு மனசில்ல." அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "வரியை எவன் பேசினா என்ன? சமையல்கட்டுல நீ பேசினதுதான் நல்லா இருந்தது. போய் பாப்கார்ன் வாங்கிட்டு வா."

போனான். வரிசையில் ஒரு பெண் அவனை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் வந்து நின்று போனை உயர்த்திப் பிடித்தாள்.

"சிரிங்க டாக்டர்" என்றாள்.

சிரித்தான். நன்றாகவே சிரித்தான்.