கேட்காமல் எடுத்தது

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெஞ்சில் தடவிய ஜெல் சில்லென்றிருந்தது. எதிரே ஸ்கேன் திரையில் அவளுடைய இதயம் திறந்து திறந்து மூடியது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"மாதவிலக்கு நின்னுடுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"முப்பத்தாறு வயசுலயே கர்ப்பப்பையை எடுத்தாச்சு. கட்டி இருந்துது."

"சினைப்பை ரெண்டும் இருக்குல்ல?"

"இருக்கு."

"இல்ல டாக்டர். அதையும் சேர்த்துதான் எடுத்தாங்க."

மறைப்புத் துணிக்கு அப்பாலிருந்து அவள் கணவன் நாறும்பூநாதன் சொன்னான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதைச் சொல்வதுபோல.

டாக்டரம்மாவின் கை நின்றது.

"உங்களுக்குத் தெரியாதா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் நிற்காமல் துடித்தது.

பிறகு எழுந்து, துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்துத்தான் பேசினார். நாறும்பூநாதன் பக்கம் திரும்பவே இல்லை.

"இதயத் தசை ஒரு தடவை இறுகணும், ஒரு தடவை தளரணும். உங்களுக்கு இறுகுறது நல்லா இருக்கு. தளர்றதுதான் சிரமமா இருக்கு. அதான் மூச்சு வாங்குது."

"சினைப்பைக்கும் இதுக்கும் என்னம்மா?" என்றாள்.

"சினைப்பையிலதான் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் சுரக்கும். அது பிள்ளை பெறுறதுக்கு மட்டும் இல்ல. இதயத் தசையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கால்சியம் வந்து வந்து போகும். வந்தா இறுகும், போனா தளரும். அந்த வரத்துப்போக்கு ஒழுங்கா நடக்க ஈஸ்ட்ரோஜனும் ஒத்தாசை பண்ணுது."

ஸ்கேன் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு பிரஷரும் இருக்கு. ஆனா சினைப்பை நல்லா இருந்திருந்தா அந்த வயசுல எடுத்திருக்க வேண்டாம். எடுத்தாலும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அதுக்கு ஈடா ஹார்மோன் மாத்திரை குடுத்திருக்கணும்."

மருந்தகத்தில் வரிசை நீளமாக இருந்தது. அவன் நின்றான். அவள் பின்னால் நின்றாள். அவனுடைய பிடரியில் புதிதாகச் சிரைத்த கோடு தெரிந்தது.

ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மாதமே தொடங்கியது அந்தச் சூடு. கழுத்துக்குக் கீழே யாரோ அடுப்பு மூட்டியதுபோல. மார்கழியிலும் ரவிக்கை நனையும். பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னால் நிற்பாள். காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவாள். பிறகு அழுவாள்.

எனக்கு என்னமோ ஆயிட்டுங்க, என்று இவனிடம்தான் சொன்னாள்.

ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் வாறதுதான், என்றான் இவன்.

தெரிந்தே சொன்னான்.

அவன்மேல் எரிந்து விழுந்ததற்கெல்லாம் அவள் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள்.

ஆட்டோவில் ஏறியதும் அவனே பேச்செடுத்தான். "பின்னால கேன்சர் கீன்சர் வந்துரக் கூடாதுன்னு அப்ப ஆப்பரேஷன் பண்ண டாக்டர் சொன்னாரு. மூணு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்குன்னாரு. நானும் சரின்னேன். ஒனக்குச் சொன்னா கவலைப்படுவேன்னுதான்…"

"எனக்குள்ள இருந்தது அது."

அவ்வளவுதான் சொன்னாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. அவனுடைய தங்கை வடிவை முந்தின நாள் நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். அவளுக்கும் கட்டி. அவளுக்கும் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த இடத்தைச் சொன்னதே அண்ணன்தான். இவளுக்கு ஆப்பரேஷன் நடந்த அதே இடம். அதே டாக்டர்.

அறை மாடியில். பாதிப் படியில் மூச்சு முட்டியது. அவன் கையை நீட்டினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"வாங்க மைனி," என்றாள் வடிவு. கட்டிலில் சம்மணமிட்டு, ஈரத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். வடிவைப் பார்த்துச் சிரித்தார். நாறும்பூநாதனையும் வடிவின் புருஷனையும் கைகாட்டி வெளியே அழைத்தார். கதவு பாதி சாத்திக்கொண்டது.

தாழ்ந்த குரல்கள். முதலில் டாக்டருடையது.

ரெண்டு பிள்ளை இருக்குல்ல. சேர்த்தே எடுத்துட்டா பின்னால தொந்தரவு இல்ல.

"நீங்க என்ன சொல்லுதீக அத்தான்?" என்றது வடிவின் புருஷன் குரல்.

நாறும்பூநாதன் தொண்டையைச் செருமினான்.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் பிறகு.

"எதைச் சேர்த்து எடுக்காங்களாம்?" என்றாள் வடிவு.

அவள் வடிவை ஒருமுறை பார்த்தாள். போய்க் கதவை முழுக்கத் திறந்தாள். சுவரில் போய் மோதிற்று. வராந்தாவில் மூன்று தலைகளும் திரும்பின. நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

"உள்ள வாங்க. அவகிட்ட சொல்லுங்க. அவ கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க."

"நீ சும்மா இரு," என்றான் நாறும்பூநாதன்.

"இருந்தாச்சு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவர்தான் முதலில் உள்ளே வந்தார். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. டாக்டர் அதை நோக்கிப் போனார்.

அவள் அதைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.