தலைகீழாகத் தொங்கும் கத்தி

“கழுத்துல தொங்குற கத்திக்கு உறை தைக்கும்போது முதல்ல பார்க்க வேண்டியது என்னன்னா...” என்று ஆரம்பித்தது கிழட்டுக் குத்தூசி. “அட, எங்க தாத்தா சொன்னது. மிச்சம் மறந்துபோச்சு.”

தேனெடுக்கும் மாதன், ஈரத்தோலைச் சின்னக் கத்தியின் மேல் அழுத்தி வடிவம் பிடித்துக்கொண்டிருந்தான். மரத்தில் ஏறியதும் ஒரு கை கயிற்றில் இருக்கும். மறு கையால் கத்தியைச் சட்டென்று கீழ்ப்பக்கமாக உருவ வேண்டும். அதனால் உறையின் வாய் தரையைப் பார்த்தபடி தொங்கும்.

“அக்கா, நான் நழுவினா?” என்று தோலைக் கேட்டது கத்தி. “கீழே கயிறு பிடிச்சு நிக்கிறது அவன் மச்சான். நேரா அவர் தலையிலதான் விழுவேன்.”

“காயட்டும். அப்புறம் பாரு என் பிடியை.”

தோல் காய்ந்தது. குத்தூசி விளிம்பில் ஓட்டை போட, பின்னாலேயே நூல் ஓடியது. மாதன் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். கத்தி அசையவில்லை.

“இருந்தாலும் பட்டன் வெச்சு ஒரு வார் போட்டுக்கலாமே?” என்றது கத்தி.

“இருக்கிற ஒரு கையில பட்டனைக் கழற்றுவானா, உன்னை உருவுவானா?” என்றது தோல்.

கத்தி யோசித்தது. “சரி, மழை பெஞ்சா?”

தோல் தன் விளிம்பை மெல்லச் சுருக்கிக்கொண்டது.

“சொல்லேன்,” என்றது குத்தூசி. “இவ்வளவு நேரம் பெருமை பேசினியே?”

“நனைஞ்சா கொஞ்சம் தளர்ந்துடுவேன், தம்பி,” என்றது தோல் மெதுவாக.

மாதன் பட்டன் வைக்கவில்லை. மழை நாளில் மரம் ஏறுவதில்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டான்.