எரித்தாயிற்று

தாவர ஆய்வாளர் படகிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், அவள் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துக் காலடியில் ஒளித்து வைத்தாள்.

படகுத்துறையில் அவளுக்கு ‘சாக்ஸ் அக்கா’ என்றுதான் பெயர். தீவுக்குப் போகிறவரோ, தீவிலிருந்து திரும்புகிறவரோ, எப்பேர்ப்பட்டவரும் அவள் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டியாக வேண்டும். சாக்ஸ், ஷூவின் அடிப்பாகம், பேன்ட் மடிப்பு என்று தேடி, ஒட்டியிருக்கும் விதைகளை இடுக்கியால் பிடுங்கித் தகர டப்பாவில் போடுவாள்.

வெளியில் உள்ள விதை தீவுக்குள் போகக் கூடாது. தீவின் விதை வெளியே வரவும் கூடாது. சாயங்காலம் டப்பாவில் சேர்ந்ததை எரித்துவிட்டு, நோட்டில் ‘எரித்தாயிற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினொரு வருஷமாக ஊரார் காலையே பார்த்ததில் அவள் கழுத்தெலும்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இத்தனை பாடும் ஒரு பூவுக்காக. அவள் தலைக்குமேல் சுவரில் அதன் படம் வெளுத்துப்போய்த் தொங்கியது. ஊதா நிறம், ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் புள்ளி. அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று கீழே எழுதியிருந்தது.

ஆய்வாளர் எதிரே வந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் காலை நீட்டினார். அவளும் பழக்கத்தில் குனிந்து தேடினாள். ஒரு விதைகூட இல்லை.

“கடைசிச் செடியும் பட்டுப்போச்சுக்கா,” என்றார்.

மூன்று வருஷமாகத் தீவில் மழையே இல்லை. அவள் கேட்காமலே அவர் அந்தச் செடியின் கதையைச் சொல்லிக்கொண்டு போனார். எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஒரு பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு கடலைத் தாண்டிய ஒற்றை விதையாம். அங்கே துணையில்லாமல் முளைத்து, பூத்து, காய்த்து, காலப்போக்கில் வேறு செடியாகவே மாறிவிட்டதாம். அன்றைக்கு அவள் இங்கே உட்கார்ந்திருந்தால் அந்தப் பறவையின் காலையும் விட்டிருக்க மாட்டாள் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பிறகு நோட்டைக் கேட்டார். தீவிலிருந்து திரும்பியவர்களின் காலோடு வந்த விதையில் ஒன்றாவது எரிக்காமல் மிஞ்சியிருக்குமா என்று ஒரு நப்பாசை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கே பார்த்தாலும் அதே வார்த்தை, அதே கையெழுத்து. நோட்டை மூடிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அவளுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். வாயைத் திறந்தால் வேலைக்கே வேட்டு. திறக்காவிட்டால் ஈ எறும்புக்குக்கூடத் தெரியப்போவதில்லை.

உடம்பை அடித்துப்போட்டது போலிருந்த சாயங்காலங்கள் ஒன்றா இரண்டா? தீ மூட்டத் தெம்பில்லாமல், கொட்டகைக்குப் பின்னால் ஷூ கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தாள். தம்ளரை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள்.

ஆய்வாளர் தம்ளரைப் பார்த்தார். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். மறுபடியும் தம்ளரைப் பார்த்தார்.

“காலையிலதான் பறிச்சேன் சார்,” என்றாள். “பின்னாடி இன்னும் நிறைய இருக்கு.”